செவலை படுக்காத நாட்கள்

குதிரை வைத்திருந்தோம் என்று சொன்னால், கேட்கிறவர்கள் உடனே என் முகத்தில் ஜமீன் களை தெரிகிறதா என்று தேடுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எங்களுடையவை பொதி சுமக்கும் மட்டக்குதிரைகள். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். வெள்ளிமலைக்கு பஸ் ஓட ஆரம்பித்த பிறகும், ரோட்டை விட்டு உள்ளே கிடந்த மலை ஊர்களுக்குச் சாமான் போக வேண்டுமென்றால் குதிரை முதுகுதான். ஏறும்போது உப்பு, மண்ணெண்ணெய், கருவாடு. இறங்கும்போது புளி, கடுக்காய், சாமை. இதில் கம்பீரம் பார்க்க ஒன்றும் கிடையாது. குதிரையும் கருவாட்டு நாற்றம் அடிக்கும், கூடப் போகிற நாங்களும் அடிப்போம்.

மொத்தம் நாலு குதிரைகள். இரண்டு கருப்பு, ஒரு செவலை, இந்த மூன்றும் எங்களுடையவை. நாலாவது ஒரு வெள்ளைப் பெட்டை. அது காலனியைச் சேர்ந்த ஒருவருடையது. அவரும் நானும்தான் குதிரைகளோடு மலைக்குப் போய் வருவோம். என்னைவிட வயதில் மூத்தவர், அதிகம் பேசாதவர். வருகிற வரும்படியில் அவர் குதிரைக்கு உண்டானது அவருக்கு. நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள் என்றுதான் வெளியாட்களிடம் சொல்வேன். ஊருக்குள் அந்த வார்த்தையை நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.

மலைப் பாதையில் குதிரைகளுக்குள் ஒரு வரிசை உண்டு. நாங்கள் போட்டதல்ல, அவையே போட்டுக்கொண்டது. பெட்டை முதலில் போகும். அதன் வாலை ஒட்டினாற்போல் செவலை. கருப்புகள் இரண்டும் பின்னால். செவலைக்கு வயதாகிவிட்டது. பல்லைப் பார்த்தவர்கள் இருபதைத் தாண்டியிருக்கும் என்றார்கள். இடது கண்ணில் பூ விழுந்து வெளுத்திருந்தது. அந்தப் பக்கம் அதற்கு ஒன்றும் தெரியாது. அதனாலோ என்னவோ, எங்கே நின்றாலும் பெட்டை அதன் இடது பக்கம் வந்து நின்றுகொள்ளும். இளைப்பாறும்போது செவலை காலை நீட்டிப் பக்கவாட்டில் படுத்துக் குறட்டையே விடும். பெட்டை படுக்காது. காதை ஆட்டிக்கொண்டு நிற்கும். "கெயவனுக்கு பொண்டாட்டி வாச்சா இப்பிடி வாய்க்கணும்" என்று என் மனைவி சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அவள் என் அத்தை மகள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் அந்த மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு சரி.

நாலு குதிரைகளும் எங்கள் தோப்பில்தான் கட்டியிருக்கும். கிணற்றடியில் ஒரு கல் தொட்டி இருந்தது. நாலும் அதில் வாய் வைத்துக் குடிக்கும். பெட்டையின் சொந்தக்காரருக்குத் தாகம் எடுத்தால் என் மனைவி சொம்பைத் தூக்கி ஊற்றுவாள், அவர் கையைக் குவித்துக் குடிப்பார். அவர் குதிரை தொட்ட தொட்டியை அவர் தொடமாட்டார். இதில் ஏதோ கோணல் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. குதிரைக்குத் தீட்டு கிடையாது என்று நாங்களே வைத்துக்கொண்ட சட்டம் எங்களுக்கு எவ்வளவு சௌகரியம் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்கள் அவை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றுபோனது. தியாகதுருகம் பக்கமும் எலவனாசூர்கோட்டை பக்கமும் போலீஸ் ஜீப் போய்க்கொண்டே இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டதில் எனக்கு இன்றைக்கும் தப்பு தெரியவில்லை. நானும் போய் ரோட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததோடு விட்டேனா, வெட்டிய கிளைகளை இழுத்துப் போட என் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு போனேன். கருப்புகள் சமாளித்துவிட்டன. செவலைக்கு அது நரகம். கோஷம் ஒரு பக்கம், யாரோ வெடித்த வேட்டு ஒரு பக்கம், தெரியாத கண் பக்கம் முழுக்க ஜனங்கள். வியர்த்துக் கொட்டி, தொடை நடுங்க நின்றது. ஒருவர் வேடிக்கையாக அதன் முதுகில் கொடியைச் செருகினார். நானும் சேர்ந்து சிரித்தேன். சாயந்திரம் தோப்புக்கு வந்ததும் அது நேராகப் போய்ப் பெட்டையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டது.

நாங்கள் கேட்டதென்னவோ அரசாங்கத்தை. கோபம் போய் விழுந்தது காலனி மேல். ஊரில் ஒரு வைக்கோல் போர் எரிந்தது. யார் வைத்த நெருப்பு என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். காலனி ஆட்கள் நம் நிலத்தில் கால் வைக்கக்கூடாது, நம் ஆட்களும் அவர்களோடு சேர்ந்து தொழில் செய்யக்கூடாது என்று முடிவானது. பெரியவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"உன் தோப்புல காலனி குதிர இன்னா பண்ணிகினு கீது?" என்றார்.

"பாத்துக்கறேங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பெட்டையின் சொந்தக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். பெட்டையை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். "இங்க வச்சிகினா உங்களுக்குத்தாங்க தொந்தரவு" என்றார். நான் சொல்ல வேண்டிய அசிங்கத்தை அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

செவலை பின்னாலேயே கயிறு தெறிக்கிற மட்டும் போய்க் கனைத்தது. அன்று முழுக்கக் கனைத்துக்கொண்டே இருந்தது. பிறகு கனைப்பது நின்றது, தின்பதும் நின்றது. கொள்ளு ஊறவைத்து மூக்குக்கு நேரே நீட்டினால் இரண்டு வாய் மென்று கீழே துப்பும். காலனி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு, இடது பக்கம் தோப்புச் சுவர் வருகிற மாதிரி நிற்கும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கும். ரோமம் சடைத்துப்போனது. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் சாணமே போடாமல், திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்துக் காலால் தரையைப் பறித்தது. ஓமமும் பெருங்காயமும் தட்டிப் போட்டு வெந்நீரில் கலக்கிப் புகட்டினோம். தோப்பைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டோம். அன்றைக்குத் தப்பியது.

கண்பட்டிருக்கிறது என்றார்கள். மறியலில் எத்தனை பேர் பார்த்தார்கள், பின்னே இருக்காதா என்றார்கள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டோம். கழுத்தில் கருப்புக் கயிறு கட்டினோம். என்ன வியாதி என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மிளகாய் சுற்றினோம்.

கூட ஒரு குதிரை போனால் இன்னொன்றை வாங்கிக் கட்டினால் தீர்ந்தது என்று அடுத்து எனக்கு ஒரு யோசனை வந்தது. தியாகதுருகத்தில் ஒருவர் ஜட்கா ஓட்டுவதை விட்டுவிட்டு ஆட்டோவுக்கு மாறியிருந்தார். அவருடைய வெள்ளைக் குதிரையை வாங்கி வந்தேன். நிறம்கூடப் பெட்டையின் நிறம்தான் என்று எனக்குள் ஒரு சாமர்த்தியம். ஒரு வெள்ளையை எடுத்துவிட்டு இன்னொரு வெள்ளையை வைத்தால் கிழவனுக்குத் தெரியாது என்று நினைத்தேனோ என்னவோ. ஊரில் கௌரவமாகவும் இருக்கும், கூட்டம் போட்டவர்களுக்கும் நான் கீழ்ப்படிந்தது தெரியும்.

வந்தது வாலிபக் குதிரை. தனியாக வண்டி இழுத்தே பழகியது. வந்த அன்றே தொட்டி தன்னுடையது என்று ஆக்கிக்கொண்டது. கருப்புகள் கொஞ்சம் முறைத்துப் பார்த்துவிட்டு அதோடு சேர்ந்துகொண்டன. செவலை தண்ணீருக்கு வந்தால் காதைப் பின்னுக்கு மடக்கிப் பல்லைக் காட்டும். அதுவும் தெரியாத கண் பக்கமாக வந்து கடிக்கும். கடி விழும் வரை செவலைக்குத் தெரியாது. கழுத்திலும் பிட்டத்திலும் காயம். மற்ற மூன்றும் குடித்துவிட்டு நகர்ந்த பிறகு, தொட்டியின் ஓரமாக வந்து அவசரமாக இரண்டு மடக்கு குடித்துவிட்டு ஓடிவிடும். எங்களிடம் அத்தனை காலம் உழைத்த கிழக்குதிரை எங்கள் தொட்டியிலேயே பயந்து பயந்து குடித்ததை நான் நின்று பார்த்தேன். பிரித்துக் கட்டினேன். பிரித்துக் கட்டியும் அது தின்னவில்லை.

கடைசியில் கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் சேலம் பக்கத்துக்காரர். பல்லைப் பார்த்தார், வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டார், பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பிறகு முன்னங்கால் முட்டியில் தோல் உரிந்திருந்ததைத் தொட்டுப் பார்த்து, இது எப்படி என்று கேட்டார். கல்லில் பட்டிருக்கும் என்றேன்.

"படுத்துத் தூங்குதா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். படுத்து நான் பார்த்துப் பல நாளாகியிருந்தது.

"குதிரை நின்னுகிட்டே தூங்கும்னு நெனைக்கிறாங்க. கொஞ்ச நேரமாவது படுத்தாத்தான் அதுக்குச் சரியான தூக்கம். பக்கத்துல நம்பிக்கையா ஒண்ணு நின்னாத்தான் படுக்கும். இது தூக்கமில்லாம நின்ன எடத்துலயே மடிஞ்சி விழுது, அதான் முட்டியில காயம். வயசான குதிரைக்குக் கூட இருந்தது மாறினா மொதல்ல வயிறு கெடும். இதுகூட இருந்த குதிரை ஏதாவது போச்சா?" என்றார்.

"வித்துட்டாங்க" என்றேன்.

"வாங்கினவங்ககிட்டக் கேட்டுத் திரும்ப வாங்க முடியாதா?"

"ஆரு வாங்குனதுன்னு தெரியலிங்க" என்றேன்.

எங்கள் தோப்பிலிருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அந்தப் பெட்டை நின்றுகொண்டிருந்தது. வெளியூர்க்கார டாக்டரிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்? கோயில் முன்னால் கூடியிருந்தபோது நியாயமாகத் தோன்றியதெல்லாம் அந்த ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் வாயில் வைத்துச் சொல்ல முடியாததாக இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஊசி போட்டு அனுப்பினார்.

இரண்டொரு நாளில் ஒரு பட்டப்பகலில் அது என் கண் முன்னால் நடந்தது. மாமரத்தடியில் நின்ற செவலையின் கண் மெல்லச் செருகியது. தலை தாழ்ந்தது. முன்னங்கால் இரண்டும் மடிந்து தொப்பென்று முட்டியில் விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் துள்ளி எழுந்து நான்கு பக்கமும் மிரண்டு பார்த்தது. யாரும் இல்லை. மறுபடியும் கண் செருகியது. நான் பக்கத்தில் போய் அதன் இடது பக்கம் நின்று பார்த்தேன். கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். என்னை நம்பி அது படுக்கவில்லை. நம்ப நான் என்ன செய்துவிட்டேன்?

என் மனைவி கொள்ளுக் கூடையோடு வந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பட்டினி கெடந்தா இப்பிடி பக்கத்துல வந்து நிப்பியா மாமா?" என்றாள். அவள் கூடையைக் கீழே வைத்தாள். "மொளகா சுத்தியாச்சி, டாக்டரையும் பாத்தாச்சி, குதிர மேல குதிரயா வாங்கியாச்சி. போவவேண்டிய எடத்துக்குப் போவறதுக்கு மட்டும் ஒனக்கு காலு வரல. அது செத்தா தோப்புலயே பொதச்சிட்டு அதுக்கும் ஒரு கூட்டம் போடுங்க."

போனேன். அத்தனை வருஷப் பழக்கத்தில் நான் காலனிக்குள் போனது அதுதான் முதல் தடவை. கூப்பிட வேண்டுமென்றால் ரோட்டில் நின்று குரல் கொடுப்பதுதான் வழக்கம். அவருடைய வீட்டுக்குப் பக்கவாட்டில் பனை ஓலைச் சார்ப்பில் பெட்டை நின்றிருந்தது. அவர் வெளியே வந்தார். உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். நானும் நின்றேன்.

"செவல துன்ன மாட்டேங்குது. பெட்டைய கொஞ்ச நாளு உடுறியா?" என்றேன். கெஞ்சத்தான் போயிருந்தேன். என்னைவிட மூத்த மனிதரிடம், அவர் வீட்டு வாசலில் நின்று கெஞ்சும்போதும் என் வாயில் நீ என்றுதான் வந்தது. அவருக்கு அது புதிதல்ல. எனக்குத்தான் அன்றைக்கு என் குரல் என் காதிலேயே விழுந்தது.

"உங்க தோப்புல கட்டக்கூடாதுன்னு பேசிகினாங்களாமே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, தகவல் கேட்பது போலக் கேட்டார்.

"ஆமா."

"அப்ப செவலைய இங்க இட்டுகினு வாங்க. எங்க பக்கம் அப்பிடி ஒண்ணும் பேசிக்கல."

ஊர் நடுவே ஓட்டிப் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் ஏரிக்கரை மேல் சுற்றிக்கொண்டு, கருவேல முள்ளுக்கு நடுவே, வெயில் தாழ்ந்த பிறகு ஓட்டிப் போனேன். நிற்கவே தெம்பில்லாத குதிரையை, என் மானத்துக்காக அவ்வளவு தூரம் சுற்ற வைத்தேன். காலனி எல்லையில் பெட்டையின் வாசம் பட்டிருக்க வேண்டும். மூக்கை விடைத்தது. அதற்கு மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்தான் அதன் பின்னால் ஓடினேன். பெட்டை ஒரு தரம் மோந்து பார்த்தது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இடது பக்கம் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் செவலை முன்னங்காலை மடக்கியது. நான் விழப்போகிறது என்று பதறினேன். விழவில்லை, படுத்தது. காலை நீட்டி, கழுத்தை மண்ணில் வைத்துக் குறட்டை விட்டது. அவருடைய மனைவி வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது.

அங்கே அது தேறியது. உடனே இல்லை. முதலில் பச்சைப் புல், பிறகு தவிடு, பிறகு கொள்ளு. மழை தொடங்குவதற்குள் விலா மூடிவிட்டது. நான் கொள்ளுக் கூடையோடு போய்வந்துகொண்டிருந்தேன், ஏரிக்கரை வழியாகவேதான். ஏரிக்கரை வழியாகப் போனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தது என் புத்திசாலித்தனம். ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. "கெயவன மாமியார் வூட்டுக்கு அனுப்பிட்டியாமே" என்று டீக்கடையில் கேட்டார்கள். கூட்டத்தில் என்னைக் கேட்ட பெரியவரும் கேட்டுச் சிரித்தார். அவர்களுக்கும் மெல்ல அலுத்துவிட்டிருந்தது. அறுவடைக்கு ஆள் வேண்டியிருந்தது. கூட்டம் எதுவும் போடாமலேயே காலனி ஆட்கள் மறுபடியும் நம் நிலத்தில் கால் வைத்தார்கள்.

வெட்டிப் போட்ட மரங்களை அப்புறப்படுத்தி பஸ் விட்ட பிறகு நான் பெட்டையின் சொந்தக்காரரிடம் போனேன். செவலை பெட்டைக்குப் பக்கத்தில் கொள்ளுப் பையில் முகத்தை விட்டுத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு மனசு நிறைந்திருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தில் சொன்னேன்.

"ஊருல எல்லாம் அடங்கிடுச்சி. பெட்டையையும் இட்டுகினு வா. பழயபடி தோப்புலயே கட்டிக்கலாம். மலைக்கும் போலாம். இனிமே யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"பழயபடிங்களா?" என்றார்.

"ஆமா. முன்ன மாதிரியேதான்."

அவர் பெட்டையின் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார்.

"கெயவனுக்கு பெட்ட பக்கத்துல நின்னா போதும். எனுக்கு அது போதாதுங்க." பிறகு பெட்டையின் கயிற்றை அவிழ்த்து என் பக்கம் நீட்டினார். "நீங்க வேணும்னா ரெண்டையும் இட்டுகினு போங்க. இது இல்லன்னா அது துன்னாது, பாவம். நான் வரலிங்க."

அவருக்கு இருந்தது அந்த ஒரு குதிரை. என் குதிரை பிழைக்கட்டும் என்று அதைத் தருகிறார். கூட வரமாட்டேன் என்கிறார். முன்ன மாதிரி என்று நான் நல்ல வார்த்தையாக நினைத்துச் சொன்னது அவருக்கு என்னவாகக் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். வேற மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படி வேற மாதிரி என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கயிற்றை வாங்காமல், செவலையையும் அவிழ்க்காமல், வெறுங்கையோடு திரும்பினேன்.

டீக்கடையில் கேட்டார்கள், என்னப்பா, கிழவனை ஓட்டிக்கொண்டு வரவில்லையா என்று.

"கூப்புட்டன். வரமாட்டேங்குது" என்றேன். "அங்கியே குந்திகினு கீது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதையே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வரமாட்டேன்னு சொன்னது குதிரதானா மாமா?" என்று கேட்டாள்.

கருப்புகளுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் தோப்புக்குப் போய்விட்டேன்.